சாரம்

கட்டுப்போடும் அறையின் ஜன்னலைத் திறந்தால் கடல்,
மூடினால் அயடின்.
இன்று மூடியிருக்கிறேன்.

அருளம்பலம், திருக்கடலூர், அறுபத்தொரு வயது.
சீனி வருத்தம் பதினாறு வருடம்.
வலது பாதத்தின் ஓரத்தில் மட்டி ஓடு ஏறியது
அவருக்குத் தெரியாது.
நாலாம் நாள் வள்ளத்தில் மருமகன் கேட்டானாம்:
"மாமா, எங்க கருவாடு நாறுது?"
அன்று வள்ளத்தில் கருவாடு இல்லை.

மாசியில் சின்னவிரல் போனது.
போன இடத்தில் புண் நின்றது,
கரையேற்றிய வள்ளம்போல் அசையாமல்.
வாராவாரம் காகித அளவுகோல் வைத்தேன்.
நாலு தசம் இரண்டு.
நாலு தசம் இரண்டு.
நாலு தசம் மூன்று.

அப்போதுதான் டொக்டர் விமலேந்திரன்
கொழும்பிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார்.
உள்ளே ஆறு தாள்கள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலம்.
"மீன் தோல்" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது.
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் நான்.
போன வருடப் பெட்டியில்
எந்த மிருகம் என்று பொடி எழுத்தில் வாசித்துவிட்டு
சத்தமில்லாமல் அலுமாரியில் திருப்பி வைத்தவள்.
பிறகு அதற்கும் வெட்கப்பட்டேன்.
புண் வாசிப்பதில்லை.

"பச்சைத் தோல் இல்லை, ஐயா.
செதிள் போய், நெய் போய்,
உள்ளே குடியிருந்த உயிரணு எல்லாம் கழுவி வெளியேற்றி
மிஞ்சின பின்னல் மட்டும்.
உங்கட உயிரணுக்கள் ஏறி நின்று வேலை செய்ய
ஒரு சாரம்."

"சாரமோ?"
குனிந்து இடுப்பைப் பார்த்தார்.
நீலக் கட்டம், கரையில் தார் பட்டது.

"கட்டிடத்துக்குக் கட்டுற சாரம், ஐயா."
"ஓ. பூச்சு முடிஞ்சால் அவிழ்க்கிறது."
"இதை அவிழ்க்கத் தேவையில்லை."
"அப்ப என்னெண்டு போகும்?"
நான் பதில் சொல்லவில்லை, சேலைன் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"என்ன மீன், மிஸி?"
"கொட்."
சிரிப்பில் கட்டில் ஆடியது.
"கொட்பே எண்டு பேர் வச்சுப்போட்டுப் போனான் வெள்ளைக்காரன்.
முப்பத்தெட்டு வருசம் அங்கயிருந்துதான் தொழிலுக்குப் போறன்.
ஒரு நாளும் அந்த மீனைக் காணேல்லை.
இப்ப கால்வழியா வருது."

ஆட்களைக் கழுவி எடுத்த வீடு
எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியும்.
கந்தளாய் முகாமிலிருந்து மூதூருக்குத் திரும்பிய அன்று
கதவில்லை, கூரையில் பாதி இல்லை,
அடுப்பில் யாரோ சமைத்த சாம்பல்.
ஆனால் சுவரில் ஆணிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.
உம்மா திரும்பிப் பார்க்காமலே கை நீட்டினா.
துவாய் தொங்கியது.

உயிரணுவும் அப்படித்தான் போல,
இருட்டில் தடவி
ஆணி எங்கே என்று.

முதல் தாள் வழுகிப் போனது.
கோயில் திருவிழா, கடலில் கால் வைத்தாராம்.
"கொஞ்சந்தான்" என்றார்.
ஏசினேன். வார்டே கேட்கும்படி ஏசினேன்.
ஐந்துதான் மிச்சம்.

இரண்டாவது தாள் மஞ்சளாய் இளகியது.
அழுகலா, வேலையா என்று தெரியாமல்
இரண்டு இரவு நித்திரை கெட்டேன்.
மூன்றாவதைத் தூக்கிப் பார்த்தபோது
அடியில் மாதுளை முத்துப்போல் நெருக்கமாய்ச் சிவப்பு,
பஞ்சு தொட்டால் கசியும், உயிருள்ள சிவப்பு.
அளவுகோல்: மூன்று தசம் ஒன்று.
எழுதிவிட்டு இன்னொருமுறை அளந்தேன்.

நேற்று ஓரத்திலிருந்து தோல்,
நீர் வற்றும் கரைபோல், உள்ளே நகர்ந்திருந்தது.
"எங்க மிஸி அந்த மீன்?"
தேடினேன். இடுக்கியால் ஓரம் முழுக்கத் தேடினேன்.
நரம்பு நூல்கூட இல்லை.
"காணேல்லை, ஐயா."
"கொட்பேயில மாதிரித்தான்" என்றார்.

காலில் பொலித்தீன் பை கட்டி,
சாரத்தை இழுத்து முடிந்து,
கைத்தடியை மறந்துவிட்டுப் போனார்.
பின்னால் ஓடினேன்.

வாசலில் ஒரு பெண்மான்
குப்பைத் தொட்டியிலிருந்து எங்கள் பெட்டியின் அட்டையை இழுத்து
மீனின் பெயர் அச்சிட்ட பக்கத்தை
நிதானமாக மென்றுகொண்டிருந்தது.